முதல் கோட்டைப் பார்க்க வேண்டாம்

ஜனவரி 9

மதிப்பிற்குரிய விஞ்ஞானி அவர்களுக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதிப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆகவே மேலே கண்டபடி.

தாங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். பத்திரிகையில் வந்த படத்தில் கன்னம் இரண்டும் உப்பலாக, பார்க்க லட்சணமாக இருக்கிறது. வெள்ளை அங்கி புதிதோ? ஒரே ஆய்வகத்தில் வேலை பார்த்த நாளெல்லாம் அந்த அங்கியைப் போடச் சொல்லித் தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன். படம் பிடிக்க ஒருவர் வந்தால் போதும் போலிருக்கிறது.

நான் வீட்டை விட்டு வந்து இரண்டு வருடமாகிறது. இதுவரை ஒரு வரி எழுதியதில்லை. இப்போது எழுதுவதும் தங்களுக்காக இல்லை, என் தம்பிக்காக. அவனுடைய இடது நுரையீரலின் கீழ்ப்பாகம் அழுகிக் கிடக்கிறது என்பது தங்களுக்குத் தெரியும். சர்ஜன் தெளிவாகச் சொல்லிவிட்டார். “இப்ப எடுத்தா மேல்பாகம் தப்பிக்கும். பிப்ரவரி தாண்டினா நான் கத்தியையே தொட மாட்டேன்.” தம்பியும் தலையாட்டினான். தேதியெல்லாம் குறித்தாயிற்று. அப்போதுதான் தங்கள் பேட்டி வந்தது. பையன் தேதியை ரத்து செய்துவிட்டு வந்து நிற்கிறான்.

“எதுக்குக்கா நெஞ்சைப் பிளக்கணும்? அத்தானோட மாத்திரை வருதில்ல? ரத்தமே ஆக்சிஜனைத் தாராளமா விட்டுக் குடுக்குமாம். இருக்கிற நுரையீரலே போதும்.”

தங்கள் படத்தை வெட்டித் தன் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறான். அங்கே தண்ணீர் எடுக்கப் போனாலும் தங்கள் முகத்தில்தான் முழிக்க வேண்டியிருக்கிறது.

பேட்டியை நானும் படித்தேன். “ஹீமோகுளோபின் என்பது நான்கு கைகள் உள்ள சுமைதூக்கி. நுரையீரலில் ஆக்சிஜனைத் தூக்கிக்கொள்ளும், தசையில் போய் இறக்கி வைக்கும். டி.பி.ஜி. என்ற குட்டி மூலக்கூறு அதன் நடுவிலுள்ள பள்ளத்தில் உட்கார்ந்தால்தான் பிடி தளர்ந்து சுமை இறங்கும். எங்கள் மாத்திரை அதே பள்ளத்தில் உட்கார்ந்து இன்னும் நன்றாகத் தளர்த்தும்.” அடடா! அந்தச் சுமைதூக்கி என்னுடைய சுமைதூக்கி. கல்யாணத்துக்கு முன்னால் ஆய்வகப் படிக்கட்டில் டீ குடித்துக்கொண்டே தங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக நான் சொன்னது. அதைக்கூட விட்டு வைக்கவில்லையே!

எனக்கு வேண்டியது ஒன்றுதான். தம்பியைக் கூப்பிட்டு, ஆபரேஷன் செய்துகொள் என்று சொல்லுங்கள். நான் சொன்னால், ‘உனக்கு அத்தான் மேல கோபம்’ என்கிறான். தாங்கள் சொன்னால் கேட்பான்.

முழு வரைபடங்களையும் அனுப்பி வையுங்கள். பத்திரிகையில் தபால்தலை அளவுக்குத்தான் போட்டிருக்கிறார்கள். தொலைபேசி வேண்டாம். தங்கள் எண்ணை அடைத்து வைத்திருக்கிறேன், அது அப்படியே இருக்கட்டும். கையால் எழுதுங்கள். கை வலித்தால் பொய் கொஞ்சம் சுருங்கும்.

இப்படிக்கு,
சட்டப்படி இன்னும் தங்கள் மனைவி


ஜனவரி 17

அன்புள்ள நீதிபதி அம்மாளுக்கு,

எனக்கு ‘அன்புள்ள’ எழுத வருகிறது, பார்த்தாயா?

அது என்ன புதிதாகத் ‘தாங்கள்’, ‘தங்கள்’? நம் வீட்டில் நீ என்னை என்னவெல்லாம் சொல்லிக் கூப்பிட்டாய் என்பது கீழ்வீட்டுக்காரருக்கே மனப்பாடம். மரியாதையில் தோய்த்துச் செருப்பால் அடிக்கிற வித்தையை இந்த இரண்டு வருடத்தில் கற்றுக்கொண்டிருக்கிறாய். சந்தோஷம்.

இரண்டு வருடம் கழித்து எழுதுகிறாய், ‘எப்படி இருக்கிறாய்’ என்று ஒரு வார்த்தை உண்டா? இடுப்பு வலி. இடது கண்ணில் புரை விழுகிறதாம். நீ பால்கனியில் வைத்துவிட்டுப் போன செடி காய்ந்துவிட்டது. கேட்டால்தானே சொல்வதற்கு!

தம்பி விஷயம். அவன் என்ன பால்குடிப் பிள்ளையா? ஆபரேஷன் செய்யாதே என்று நான் சொல்லவில்லை. செய் என்றும் சொல்ல மாட்டேன். நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் சோதனை கோடையில் தொடங்குகிறது, முதல் ஆளாக நிற்கிறேன் என்கிறான். உன் குடும்பத்தில் ஒருத்தனுக்காவது என் மேல் நம்பிக்கை இருக்கிறதே, அதையும் பிடுங்கிப் போட உனக்குக் கை அரிக்கிறது.

உண்மையைச் சொல்லட்டுமா? உனக்கு வயிற்றெரிச்சல். நீயும் இதே பள்ளத்தில்தான் வருடக்கணக்காக மூலக்கூறுகளைத் திணித்துப் பார்த்தாய். உனக்கு ஒன்றும் உட்காரவில்லை, எனக்கு உட்கார்ந்துவிட்டது. ஒரு டம்ளர் தண்ணீர் குடி.

சந்தேகம் உன் கூடப் பிறந்த வியாதி. நீ ஏன் வீட்டை விட்டுப் போனாய் என்று யோசித்துப் பார். சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று உன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். நீ நம்பவில்லை. சட்டையை மோந்து பார்த்தாய், கார் சீட்டை மோந்து பார்த்தாய், தலையணையை மோந்து பார்த்தாய். கடைசியில், “எனக்குச் சிகரெட் பிரச்சினையில்ல, பொய்தான் பிரச்சினை” என்று ஒரு வசனம் பேசிவிட்டுப் பெட்டியைத் தூக்கினாய். உன்னைப் பெற்ற அம்மாவே, “அவளுக்கு ரொம்பத்தான் சந்தேகம் மாப்பிள்ளை” என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார்கள்.

வரைபடங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். நம் பழைய வழக்கம் மாறவில்லை, சோதனை செய்கிறவன் சொந்த ரத்தம்தான். காலையில் ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் குத்தி எடுத்து, ரத்தம் ஆக்சிஜனை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்று காட்டுகிற முதல் கோடு உடனே. பிறகு மருந்தைக் கலந்து, விளக்குக்குக் கீழே ஆக்சிஜனை ஓடவிட்டு ஊறவைத்து, மத்தியானம் இரண்டாவது கோடு. அது வலப்பக்கம் நகர்ந்திருப்பது கண்ணாடி போடாமலே தெரியும். வலப்பக்கம் நகர்ந்தால் பிடி தளர்ந்தது என்று அர்த்தம். உனக்குச் சொல்லவில்லை, தம்பிக்குக் காட்டும்போது விளக்கிச் சொல்.

இப்படிக்கு,
சட்டப்படியும் மற்றபடியும் உன் கணவன்


ஜனவரி 25

ஐயா,

வரைபடங்கள் வந்தன. மேசையில் விரித்து வைத்துக்கொண்டு நான் சிரித்த சிரிப்பில் கீழே குடியிருக்கும் வீட்டுக்காரர் மேலே வந்து, “என்னம்மா, உடம்பு சரியில்லையா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

உலகமே தங்கள் இரண்டாவது கோட்டைப் பார்த்து வாயைப் பிளந்திருக்கிறது. நான் முதல் கோட்டைப் பார்த்தேன். ஆரோக்கியமான ஒரு மனிதனின் கோடு எங்கே இருக்க வேண்டுமோ அங்கே அது இல்லை. இடப்பக்கம் ஒதுங்கி நிற்கிறது. வளைவும் சப்பையாக இருக்கிறது. எந்த நாள் எடுத்ததைப் பார்த்தாலும் அப்படியே. ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு இருந்தால்தான் கோடு இப்படி ஒதுங்கும். முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு நான் நடத்துகிற பாடம் இது. நான்கு கைகளில் ஒன்றை அந்த வாயு பிடித்துக்கொண்டால், ஒரு கை போயிற்று என்று விட்டுவிட முடியாது. மற்ற மூன்று கைகளும் இறுகிப் போகும். வைத்திருக்கிற ஆக்சிஜனையும் இறக்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும்.

அந்த வாயு சிகரெட் புகையில் வரும்; காலையில் ஆய்வகத்துக்குள் நுழைவதற்கு முன்னால் எத்தனை? காரில் ஒன்று, வாசலில் ஒன்று, போதாமல் படிக்கட்டுக்கு அடியில் ஒன்றா?

மீதியையும் சொல்லிவிடுகிறேன், தங்களுக்குப் புரிவதற்கு எப்போதுமே கொஞ்சம் நேரம் ஆகும். ஊறவைக்கிற நேரம் முழுக்க ஆக்சிஜன் ஓடுகிறது. மேலே விளக்கு எரிகிறது. வெளிச்சம் பட்டால் அந்த வாயுவின் பிடி விட்டுப் போகும், அந்த இடத்தை ஆக்சிஜன் பிடித்துக்கொள்ளும். மத்தியானத்துக்குள் ரத்தம் சுத்தமாகிவிடுகிறது, கோடு தான் இருக்க வேண்டிய இடத்துக்கு வந்து சேருகிறது. அதைத்தான் தாங்கள் மருந்து என்று ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்கிறீர்கள். தாங்கள் அளந்தது மருந்தை இல்லை ஐயா, தங்கள் சிகரெட் வெளியேறியதை!

மருந்து கலக்காமல் அதே போல ஊறவைத்து ஒரு கோடு போட்டுப் பார்த்தீர்களா? இல்லை. அந்தக் கோடு இல்லாமல் நான் ஒரு கட்டுரை கொண்டு வந்திருந்தால் என் முகத்தில் விட்டெறிந்திருப்பீர்கள். தங்கள் மருந்துக் கம்பெனியில் ஒருத்தருக்குக் கூடவா வாய் இல்லை? எலிகளுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை என்று பேட்டியில் பெருமை வேறு. சுண்ணாம்புத் தூளைக் கொடுத்தாலும் எலி சாகாது.

என் தலையில் அடித்துச் செய்த சத்தியம் என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் தலை இப்போதெல்லாம் காலையில் எழும்போதே விண் விண்ணென்று தெறிக்கிறது. தங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுப் படுத்தேன், மறுநாள் நிமிர முடியவில்லை. கல்லூரிக்குப் போய் மத்தியானம் ஆனால் சரியாகிவிடுகிறது. அங்கே தங்கள் எழுத்து இல்லை அல்லவா, அதனால் இருக்கும்.

தம்பியிடம் சொல்லுங்கள். இன்றைக்கே சொல்லுங்கள். என்னிடம் சொன்ன பொய்யில் ஒரு குடித்தனம்தான் போயிற்று, போகட்டும். அவனிடம் சொல்கிற பொய்யில் அவனே போய்விடுவான்.

இப்படிக்கு,
வியாதிக்காரி

பி.கு.: செடி தண்ணீர் இல்லாமல் காயவில்லை. தொட்டி மண்ணைக் கிளறிப் பாருங்கள், உள்ளே என்னென்ன துண்டு கிடக்கிறது என்று தெரியும்.


பிப்ரவரி 1

மகாராணிக்கு,

சட்டையை மோந்து பார்த்தவள் இப்போது வரைபடத்தை மோந்து பார்க்கிறாய். நல்ல முன்னேற்றம்.

ரோட்டில் ஓடுகிற வண்டியெல்லாம் புகை விடாமல் பன்னீரா தெளிக்கிறது? கார் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுகிற ஆள் நான். அதெல்லாம் உனக்குத் தோன்றாது. உலகத்தில் எங்கே புகை வந்தாலும் அது என் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

சரி, வாயால் சண்டை போட்டது போதும். ஒரு சிட்டிகை மருந்தைப் பொட்டலம் கட்டி இத்துடன் அனுப்புகிறேன். உன் புனிதமான ரத்தத்தில் போட்டுப் பார். நீதான் வாழ்நாளில் புகையையே காணாத உத்தமி ஆயிற்றே! குத்தியதும் ஒரு கோடு, மருந்தில்லாமல் ஊறவைத்து ஒரு கோடு, மருந்தோடு ஊறவைத்து ஒரு கோடு. மூன்றையும் போட்டு அனுப்பு. மருந்துக் கோடு நகரவில்லையென்றால் தம்பியிடம் நானே பேசுகிறேன். எழுத்தில் தந்துவிட்டேன், வைத்துக்கொள். நகர்ந்திருந்தால், என் படத்துக்குப் பக்கத்தில் உன் மன்னிப்புக் கடிதத்தையும் அந்த ஃபிரிட்ஜில் ஒட்ட வேண்டும்.

காலையில் தலை வலித்தால் டாக்டரைப் பார், இல்லையென்றால் கண்ணாடியை மாற்று. என் கடிதத்தைச் சாக்குச் சொல்லாதே.

தொட்டியைக் கிளறவில்லை. எனக்கு வேறு வேலை இருக்கிறது.

இப்படிக்கு,
புகை விடும் வண்டி


பிப்ரவரி 10

மாண்புமிகு மேதை அவர்களுக்கு,

கோடுகள் மூன்றும் இத்துடன் வருகின்றன. உட்கார்ந்துகொண்டு பாருங்கள், இடுப்பு வலி என்றீர்களே.

இரண்டாவது கோடு மருந்தில்லாமல். மூன்றாவது மருந்தோடு. எது எந்தக் கோடு என்று எனக்கே பென்சிலால் எழுதி வைக்க வேண்டியிருந்தது, ஒன்றின் மேல் ஒன்று அப்படிப் படுத்திருக்கின்றன. தங்கள் மூலக்கூறு அந்தப் பள்ளத்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அங்கே டி.பி.ஜி. ஏற்கனவே காலை நீட்டிப் படுத்திருக்கிறது, தங்களுக்கு இடம் விடுமா?

முதல் கோட்டைப் பார்க்க வேண்டாம். வழக்கத்துக்காகப் போட்டது. இன்று காலை வீட்டிலிருந்து வந்த கையோடு எடுத்தேன், கருவி சரியாகச் சூடாகவில்லை போலிருக்கிறது, கொஞ்சம் ஒதுங்கியிருக்கிறது. நம் வழக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டிலேயே கிடந்தேன். வெளியே எலும்பைக் குடைகிற குளிர். ஜன்னலை எல்லாம் இறுகச் சாத்தி, எரிவாயு ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, தங்கள் பழைய கட்டுரைகளை எடுத்து வைத்துப் படித்தேன். வேறு எங்கெல்லாம் காது குத்தியிருக்கிறீர்கள் என்று பார்க்கத்தான். சாயங்காலத்துக்குள் குமட்டல், அறையே சுற்றியது. தங்கள் எழுத்தைப் படித்து வாந்தி எடுத்தவள் என்று கல்வெட்டில் வெட்டி வைக்கலாம்.

இந்த வீட்டில் எனக்கு ஒரே ஆறுதல் ஒரு புறா. பின்சுவரில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற ஏதோ பழைய குழாய்க்குள் கூடு கட்டி முட்டை வைத்திருக்கிறது. குழாய் வெதுவெதுப்பாக இருக்கும் போல, குளிரெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. வீட்டுக்காரர் கூட்டைக் கலைக்கக் கம்போடு வந்தார். ஒரு போடு போட்டு அனுப்பிவிட்டேன். கட்டின கூட்டில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிற ஒரு ஜென்மத்தை இப்போதுதான் நேரில் பார்க்கிறேன், அதையும் கலைப்பானேன்?

சர்ஜன் மறுபடியும் கூப்பிட்டார். இந்த மாதக் கடைசியோடு சரியாம். தம்பி என் மாடிக்கு ஏறி வருவதற்குள் மூன்று இடத்தில் நிற்கிறான். நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு, “அத்தான் மாத்திரை வரட்டும்க்கா, ஓடியே வர்றேன்” என்று சிரிக்கிறான். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குத் தங்களைக் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருக்கிறது.

எழுத்தில் தந்திருக்கிறீர்கள். வாழ்க்கையில் ஒரு தடவையாவது சொன்னதைச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
வழக்கில் ஜெயித்தவள்


பிப்ரவரி 13

இங்கே பார்,

இது உன் கைக்கு வரும்போது நீ அந்த அறையில் இல்லை என்று நம்பி எழுதுகிறேன். அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாய் என்றால் படிப்பதை நிறுத்து. வெளியே போய்ப் படி.

உன் உறை காலைத் தபாலில் வந்தது. முதல் கோட்டைப் பார்க்க வேண்டாம் என்றாய், அதனால் அதைத்தான் முதலில் பார்த்தேன். கருவி சூடாகவில்லையாம்! சூடாகாத கருவியில் கோடு நடுங்கும், ஒதுங்காது. அதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். என் கோட்டை எடுத்து உன் கோட்டின் மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். இரண்டும் ஒன்றேதான். அன்றாடம் ஒரு பாக்கெட் பிடிக்கிறவன் கோடும், ஜென்மத்தில் ஒன்றுகூடத் தொடாதவள் கோடும்.

அதற்குப் பிறகு உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, என்னைத் திட்டியதை எல்லாம் விட்டுவிட்டுப் படித்தேன். விட்டுவிட்டால் மிச்சம் கொஞ்சம்தான் இருந்தது. காலையில் தலைவலி, வீட்டை விட்டுப் போனால் சரியாகிவிடுகிறது. ஞாயிறு முழுக்க வீடு, ஹீட்டர், சாத்திய ஜன்னல், குமட்டல், சுற்றல். அப்புறம் அந்தப் புறா. பழைய குழாய் எப்படியடி வெதுவெதுப்பாக இருக்கும்? அது உன் ஹீட்டரின் புகைக்குழாய்! அதை அடைத்துக்கொண்டு ஒரு புறா உட்கார்ந்திருக்கிறது, நீ அதற்குக் காவல் நிற்கிறாய். வருடா வருடம் கார்பன் மோனாக்சைடு பாடம் நடத்துகிற அம்மையார்!

உன் எண்ணுக்கு அடித்தேன். அடைத்துத்தானே வைத்திருக்கிறாய், போகவே இல்லை. கல்லூரிக்கு அடித்தேன். “மேடம் இன்னிக்கு லீவு சார், எழுந்திருக்கவே முடியலைன்னு காலைல சொன்னாங்க” என்றார்கள். நான் கிளம்பி உன் ஊருக்கு வந்து சேர ராத்திரி ஆகிவிடும். உன் தம்பிக்கு அடித்தேன்.

“டேய், உடனே உங்க அக்கா வீட்டுக்குப் போ. ஜன்னலைத் திற, ஹீட்டரை அணை, அவளை வெளியே இழுத்துட்டு வா.”

“என்ன அத்தான், மறுபடியும் சண்டையா?”

“அவ ரத்தத்துல புகை ஏறியிருக்குடா. கிளம்பு முதல்ல!”

செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நடந்துகொண்டே கேட்டான்.

“அக்கா ரத்தத்துல இருக்கிறது அங்கேர்ந்து உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அவ கோடு அச்சு அசலா என் கோடு மாதிரியே இருக்கு.”

“உங்க ரத்தத்துல ஏது புகை?”

அவனிடம் ரோட்டுப் புகை என்று சொல்லியிருக்கலாம். உன்னிடம் அதைத்தானே சொன்னேன். ஆனால் அவன் நம்பாமல் பாதியில் நின்றுவிடுவானோ என்று பயமாக இருந்தது.

“சிகரெட்.”

“விட்டுட்டேன்னீங்க?”

“விடலடா.”

அவனுக்கு மூச்சு இரைத்தது. அந்த மூச்சை நீ தினமும் கேட்கிறாய். நான் இப்போதுதான் கேட்டேன்.

“அப்ப அந்த மாத்திரை?”

“அது ஒண்ணுமே இல்லடா. புகை வெளிய போனதைப் போய் நான் மருந்துன்னு சொல்லிட்டேன். நிக்கிறியா, நடக்கிறியா?”

“நடக்கிறேன் அத்தான்.”

அவன் ஃபோனை வைக்கவில்லை. உன் படிக்கட்டில் அவன் நின்றது, இருமியது, மறுபடி ஏறியது எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். கதவை உடைக்கிற மாதிரி தட்டினான். வெகுநேரம் சத்தமே இல்லை. எனக்கு உயிரே போய்விட்டது. அப்புறம் உன் குரல், குழறிக்கொண்டு. “எவன்டா அவன், கதவை உடைக்கிறது?” கல்யாணம் ஆன நாளிலிருந்து அவ்வளவு இனிமையாக நீ பேசி நான் கேட்டதில்லை. அதோடு லைன் போய்விட்டது.

அவன் திரும்பக் கூப்பிடுவதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சும்மா உட்கார முடியாமல் இதை எழுதுகிறேன். கம்பெனியில் நாளைக்கே சொல்லிவிடுவேன், மருந்தைப் பற்றி வெளியிட்ட கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொள்வேன். அவர்கள் என்னை வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பி வைப்பார்கள். வைக்கட்டும்.

தொட்டியைக் கிளறினேன். நீ சொன்னபடிதான் இருந்தது.

நான்


பிப்ரவரி 24

ஏய் மேதாவி,

தாங்கள், தங்கள் எல்லாம் முடிந்தது. எழுதி எழுதிக் கை வலிக்கிறது.

பிழைத்துக் கிடக்கிறேன். ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி ஒரு நாள் முழுக்கச் சுத்தமான ஆக்சிஜன் கொடுத்தார்கள். ரத்தத்தைப் பார்த்த சின்ன டாக்டர், “என்னம்மா வேலை பாக்குறீங்க?” என்று கேட்டாள். ஹீமோகுளோபின் பாடம் நடத்துகிறேன் என்று எப்படிச் சொல்வது? டீச்சர் என்று மட்டும் சொன்னேன். முதலாமாண்டுப் பிள்ளை ஒன்று அந்தக் கோட்டைக் கொண்டு வந்து நீட்டியிருந்தால், ‘வீட்டில் ஹீட்டர் உண்டா?’ என்று அந்த நிமிடமே கேட்டிருப்பேன். உன்னை மண்ணைக் கவ்வ வைக்கிற அவசரத்தில் என் கோடு எனக்கே கண்ணில் படவில்லை. நீயும் முட்டாள், நானும் முட்டாள். ஆனால் நீ சம்பளம் வாங்கிக்கொண்டு முட்டாளாக இருந்தாய்.

தம்பி என்னைக் கைத்தாங்கலாகக் கீழே இறக்கினான். கடைசிப் படியில் அவனே சரிந்து உட்கார்ந்துவிட்டான். வீட்டுக்காரர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு இரண்டு பேரையும் ஒன்றாக ஏற்றினார். இரண்டு பேருக்கும் முகமூடி. போகிற வழியில் அவன் தன்னுடையதைக் கழற்றிவிட்டுச் சொன்னான்: “அத்தான் சொல்லிட்டாருக்கா. ஆபரேஷனுக்குத் தேதி வாங்கு.” அழவில்லை. கோபப்படவும் இல்லை. வீட்டுக்குப் போனதும் ஃபிரிட்ஜில் இருந்த உன் படத்தை எடுத்துவிட்டான். கிழிக்கவில்லை, இழுப்பறையில் போட்டிருக்கிறான். நானாக இருந்தால் கிழித்திருப்பேன்.

நீ பொய்யன் என்று நிரூபிப்பதற்கு இரண்டு வருடம் காத்துக் கிடந்தேன். கடைசியில் ஒரு ஃபோனில் நீயே சொல்லிவிட்டாய், அதுவும் அவனிடம், அதுவும் எனக்காக. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்! இல்லை.

நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது வீட்டுக்காரர் கூட்டைக் கலைத்துவிட்டார். முட்டை இரண்டும் போயிற்று. கேட்டதும் உட்கார்ந்து அழுதேன். புறாவுக்காகத்தான் அழுதேன், நீ வேறு எதையும் நினைத்துக்கொள்ளாதே. வேறு அறை பார்த்துவிட்டேன். ஹீட்டர் கிடையாது, இரண்டு கம்பளி இருக்கிறது.

வீட்டுக்குத் திரும்பி வா என்று நீ எழுதவில்லை. எழுதியிருந்தால் கடிதத்தை அங்கேயே கிழித்துப் போட்டிருப்பேன். அந்த அளவுக்குப் புத்தி வந்திருக்கிறது, பரவாயில்லை.

கட்டுரையைத் திரும்ப வாங்கும்போது ஒரு திருத்தம் எழுத வேண்டியிருக்கும். அதில் என் முதல் கோட்டையும் போடு. உன் கோட்டுக்குப் பக்கத்திலேயே போடு. ஒன்று சிகரெட், ஒன்று புறா என்று காரணத்தையும் எழுது. கீழே என் பெயரையும் சேர்த்துக்கொள். அசிங்கத்தை நீ ஒருத்தனே எதற்குச் சுமக்க வேண்டும்?

வியாழக்கிழமை காலையில் தம்பிக்கு ஆபரேஷன். மேல்பாகம் இன்னும் நன்றாக இருக்கிறதாம், நேரத்துக்கு வந்தீர்கள் என்றார் சர்ஜன். “அத்தானை வரச் சொல்லு” என்கிறான். எனக்காக இல்லை, அவன் கேட்கிறான் என்பதற்காக வா. தியேட்டர் வாசலில் நாற்காலி வரிசை இருக்கிறது. என் பக்கத்தில் உட்காராதே, ஒன்று விட்டு உட்கார். வழியில் பிடித்துவிட்டு வந்தால் பிடித்தேன் என்று சொல். விட்டுவிட்டேன் என்று மட்டும் சொல்லாதே, அங்கேயே விரலைக் குத்தி எடுத்துக்கொண்டு போய்க் கோடு போட்டுவிடுவேன். கருவி நன்றாகச் சூடாகித்தான் இருக்கிறது.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். காரணம் இல்லாமல் கூப்பிடாதே.

இப்படிக்கு,
சட்டப்படி இன்னும் உன் மனைவி